ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டு

உக்காருங்க அண்ணி. அந்தப் பெட்டியக் கவுத்துப் போட்டா உக்காரலாம், காலிப் பெட்டிதான். தக்காளிக் கறை இருக்கும், காஞ்சதுதான், சேலையில ஒட்டாது. பாப்பா தூங்குது, அதான் மெதுவாப் பேசறேன். தூங்கலைன்னாலும் எனக்கு இவ்வளவுதான் சத்தம் வரும். கேக்கலைன்னா சொல்லுங்க, கிட்ட வந்து உக்காந்துக்கறேன்.

காலையில வந்து பாத்தேன். இந்தக் குளிரு ரூம் கதவுல என் பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு. புதுசு, பளபளன்னு தொங்குச்சு. நஞ்சப்பன் அண்ணன் வேலையோன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் டீக்கடையில சொன்னாங்க, மஸ்கட்டுல இருந்து வந்த பொண்ணு போட்டதுன்னு. போடலாம் அண்ணி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அப்பா இடம். எங்க உழவர் குழு பேருக்குப் பத்திரம் ஆகல. ஆவணியில முடிக்கலாம்னாரு, புரட்டாசியில முடிக்கலாம்னாரு, ஐப்பசி மழையில அவரே போயிட்டாரு. இப்ப நீங்களும், நான் அத்தைன்னு கூப்பிடற உங்க அம்மாவும்தான் கையெழுத்துப் போடணும். போடுங்க, போடாம இருங்க, அது உங்க இஷ்டம். நான் அதைக் கேக்க வரல.

இந்தப் பூட்டை மட்டும் பாருங்க. உள்ள ஊர்த் தக்காளி மொத்தமும் இருக்குது. சாயங்காலம் ஓசூர் வண்டி வருது. கதவு திறக்கலைன்னா அவங்க நின்னு பாத்துட்டு திரும்பிடுவாங்க, அடுத்த தடவை வேற ஊருக்குப் போயிடுவாங்க. நாளைக்கு மானியத்து ஆபீசருங்க வர்றாங்க. தக்காளி அரைக்கிற மிஷினு அவங்க கையெழுத்துலதான் வரணும். ஒரு கதவுல ரெண்டு பூட்டு தொங்கினா, இடத்துல தகராறுன்னு எழுதிட்டு வண்டி ஏறிடுவாங்க. நீங்க நாளைக்கு ப்ளேன் ஏறிடுவீங்க. சாவியும் உங்களோட மஸ்கட் போயிடும்.

கோபப்படாதீங்க. நான் இவ்வளவு பேசினதே இல்ல, எதை முதல்ல சொல்றதுன்னு தெரியல.

ஏன் குடுக்கலைன்னு கேட்டீங்க. "ரெண்டு நாளு எங்க அப்பாவ உள்ள வச்சிருந்தா உனக்கு என்னடி குறைஞ்சிருக்கும், ஏன் குடுக்கல"ன்னு கேட்டீங்க. கேட்டதுல எனக்கு வருத்தமே இல்ல அண்ணி. இத்தனை நாளா ஏன்னு யாரும் கேக்கல. எல்லாரும் சாவியத்தான் கேட்டாங்க. நீங்கதான் முதல்ல ஏன்னு கேக்கறீங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். நான் முடியாதுன்னு சொல்லல. ஊர்ல யாரை வேணா கேளுங்க. அவ வாயால முடியாதுன்னு சொன்னாளான்னு கேளுங்க.

நீங்க மஸ்கட் போனப்ப இந்த ரூம் கிடையாது. புளியமரம் மட்டும்தான் இருந்துச்சு. விலை விழுந்தா தக்காளிய ரோட்டோரம் கொட்டுவாங்களே, ஞாபகம் இருக்கும். மாடு வந்து திங்கும். மாடும் எவ்வளவுதான் திங்கும், அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கும். அப்புறம் உழவர் குழு ஆரம்பிச்சாங்க, மானியம் வருதுன்னாங்க, குளிரு ரூம் வருதுன்னாங்க. இடம் குடுக்க மட்டும் ஆள் இல்ல. ரோட்டோர இடத்தை எவன் குடுப்பான். கூட்டத்துல எல்லாரும் தரையப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. உங்க அப்பா, நான் மாமான்னுதான் கூப்பிடுவேன், மாமா எந்திரிச்சு வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டு, "எம்புட்டு நேரம் உக்காந்திருக்கறது, என் புளியமரத்தடிய எடுத்துக்கங்கடா, எனக்குப் பசிக்குது"ன்னாரு. அவ்வளவுதான் அண்ணி. சாப்பிடப் போயிட்டாரு.

ரூம் திறந்த அன்னிக்கு உள்ள போய் நின்னு பாத்தாரு. சித்திரை வெயில். வெளிய வரவே மனசில்ல. வந்து என்ன சொன்னாருன்னு உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. "நான் செத்தா என்னை இதுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திடுங்கடா. உயிரோட இருக்கறப்பதான் வெந்தேன், செத்தாவது குளுகுளுன்னு இருக்கேன்"னாரு. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பாப்பா அப்ப வயித்துல.

அந்தச் சிரிப்புதான் எனக்கு எமனா வந்து நின்னுச்சு.

சாவி என்கிட்ட வந்த கதைய சொல்றேன். குழுவுல யாருகிட்ட சாவி இருக்கணும்னு பேச்சு வந்தப்ப ஆளாளுக்கு சண்டை. இவன்கிட்ட குடுத்தா அவனுக்கு ஆகாது, அவன்கிட்ட குடுத்தா இவனுக்கு ஆகாது. நஞ்சப்பன் அண்ணன்தான் என்னைக் காட்டினாரு. "மாதேசு பொண்டாட்டிகிட்ட குடுங்க. வீடும் எதிர்த்தாப்புல இருக்குது. தங்கமான பொண்ணு, யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லாது"ன்னாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு. என்னை அதுவரைக்கும் ஊர்ல யாரும் நாலு பேரு முன்னாடி நல்லவிதமா சொன்னதில்ல. நான் அஞ்சாவதோட நின்னவ. உள்ள எவ்வளவு குளிருன்னு கதவுக்கு மேல சிவப்பா ஒரு எண்ணு எரியும் பாருங்க, அதைப் படிச்சுச் சொல்லத் தெரிஞ்சா போதும்னாங்க. அது எனக்குத் தெரியும்.

கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன் அண்ணி. அதுதான் நிசம். கல்யாண மாலைய வைக்கணும்னாங்க, குடுத்தேன். கோயில் பாலை வைக்கணும்னாங்க, குடுத்தேன். பசங்க ஏதோ பாட்டில் கொண்டாந்தாங்க, மருந்துன்னாங்க, நானும் மருந்துன்னே நினைச்சேன். செருப்போட உள்ள போவாங்க, வருவாங்க. சொல்லச் சங்கடமா இருக்கும், அவங்க போனதும் நான் கூட்டித் துடைப்பேன்.

அப்ப நஞ்சப்பன் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து வச்சாரு. ஆட்டை அறுத்து, உரிச்சு, முழுசா கொண்டாந்து உள்ள தொங்கவிட்டுட்டாரு. ஒரு ராத்திரிதான்ம்மான்னாரு. தக்காளிப் பெட்டிக்கு மேலேயே தொங்குது. நான் பாத்துட்டு நின்னேன். என்ன சொல்றது, பெரியவரு.

மறுநாள் ஓசூருக்குப் போன பெட்டி அப்படியே திரும்பி வந்துச்சு. ஆட்டு வாடை அடிக்குதாம். மண்டிக்காரன் போன்ல, "தக்காளி அனுப்பறீங்களா, தலைக்கறி அனுப்பறீங்களா"ன்னு கேட்டானாம். நஞ்சப்பன் அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? "சாவி வச்சிருக்கறவ பாத்துக்க வேணாமா"ன்னாரு. என் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னாரு.

ரூமை வெந்நி ஊத்திக் கழுவினோம். நானும் மாமாவும்தான். வேற யாரும் வரல. கழுவிட்டு இதோ இந்தப் படியில உக்காந்தாரு. நான் அழுதுட்டிருந்தேன். பாப்பா என் மடியில சாவிய வாயில போட்டுச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. மாமா அதைப் பிடுங்கி என் கையில வச்சு, "எங்கம்மா மாட்டினா நீ தொலைக்க மாட்டே"ன்னு கேட்டாரு. அவரே, "கழுத்துல ஊக்கு மாட்டியிருக்கே இல்ல, அதுல மாட்டு. அங்க எவனும் கை வைக்க மாட்டான்"னாரு. தாலிக்கயித்துல ஊக்கு போட்டு வச்சிருப்போமே, அதைச் சொன்னாரு. மாட்டிக்கிட்டேன். இதோ, இன்னிக்கும் அங்கதான் இருக்குது.

அப்புறம் ஒண்ணு சொன்னாரு. சிரிக்காமச் சொன்னாரு. மாமா சிரிக்காம பேசினது நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். "திங்கற பொருளைத் தவிர இனிமே எதுக்கும் குடுக்காதே. எவன் கேட்டாலும் குடுக்காதே. நானே வந்து கேட்டாலும் குடுக்காதே"ன்னாரு.

நானே வந்து கேட்டாலும்னாரு அண்ணி.

சாட்சியா? சாட்சிக்கு எங்க போவேன். பாப்பாதான் இருந்துச்சு. அதுக்கு அப்ப பல்லுகூட முளைக்கல.

இப்படிப் பாக்காதீங்க. கதை கட்டிச் சொல்ற சாமர்த்தியம் எனக்கு இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். அன்னிக்கு வாயே திறக்கலையே நானு.

அந்தக் காலையில மழை விட்டபாடில்ல. தரைப்பாலம் முங்கிப் போய் தண்ணி போகுது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டி நிக்குது, இந்தப் பக்கம் தக்காளி நிக்குது. மழைக்கு முந்தி பறிச்சதெல்லாம் உள்ள அடுக்கி வச்சிருக்கு, கதவு வரைக்கும். மாமா மாட்டுக்குத் தவிடு கரைச்சு வச்சுட்டு, டீக்கடை பெஞ்சுல வந்து உக்காந்தாரு, டீ சொன்னாரு. டீ வந்தப்ப அவரு இல்ல. அவ்வளவு சுலபமா போயிட்டாரு. அந்த டீய ஆறின பிறகும் ரொம்ப நேரம் யாரும் எடுக்கல.

உங்களுக்குப் போன் போட்டது உங்க சித்தப்பா பையன், உங்க தம்பிதான். என் வீட்டுக்காரரு. ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. நீங்க கத்தினது வீடு முழுக்கக் கேட்டுச்சு. "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. எங்க அப்பா முகத்தைப் பாக்காம எடுத்தீங்கன்னா உங்க யாரையும் விடமாட்டேன்"னீங்க. அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. கூட்டத்துல நானும் பாப்பாவோட நின்னுட்டிருந்தேன்.

ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டாங்க. பாலம் தாண்டி வரமுடியாதுன்னுட்டான். சுத்திக்கிட்டு மலை வழியா வரச் சொன்னாங்க, அங்கயும் மண்ணு சரிஞ்சு கிடக்குதுன்னான். ஐஸ் கட்டி கேட்டாங்க, அதுவும் அந்தக் கரையிலதான். அப்ப நஞ்சப்பன் அண்ணன்தான், "நம்மகிட்ட இல்லாத ஐஸ் பெட்டியா? அவரு குடுத்த இடம், அவரு வாயாலயே என்னை அதுல வைங்கடான்னு சொன்ன மனுசன்"னாரு.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவு பேரு ஒரே சமயத்துல என்னைப் பாத்தது, கல்யாணத்தப்பகூட இல்ல.

நான் பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். திறக்கத்தான் போறேன்னு நினைச்சாங்க. நானும் என்ன செய்யப் போறேன்னு தெரியாமத்தான் நடந்தேன் அண்ணி, சத்தியமா. ரூம் கிட்ட வந்தேன். கழுத்துல கை வச்சேன். அந்தச் சிவப்பு எண்ணு எரியுது. அதைப் பாத்தேன். உக்காந்துட்டேன். கதவுல முதுகைச் சாச்சு, இந்தப் படியில. எந்திரிக்கல. நான் செஞ்சது அவ்வளவுதான்.

மாமாவைக் கயித்துக் கட்டில்ல வச்சு, மேல தார்ப்பாய் போட்டுத் தூக்கிட்டே வந்துட்டாங்க. மழையில. புளியமரத்தடியில இறக்கினாங்க. எனக்கு நேரா.

"எந்திரிம்மா"ன்னாங்க. நான் எந்திரிக்கல. "சாவியக் குடும்மா"ன்னாங்க. நான் குடுக்கல. முடியாதுன்னு சொல்லல. குடுக்கல. நஞ்சப்பன் அண்ணன், "என்ன, உங்க அப்பன் வீட்டு ரூமா? இது இந்த மனுசன் இடம்டி. அவருக்கே இடம் இல்லையா"ன்னாரு. ஒரு அக்கா, "பச்சப்புள்ளைய மழையில வச்சுக்கிட்டு பேய் மாதிரி உக்காந்திருக்கா பாரு"ன்னா. இன்னொருத்தி, "ஒரு மூலையில வச்சா உன் தக்காளி என்ன செத்தா போயிடும்"னா. அவ வீட்டுத் தக்காளியும் உள்ளதான் இருக்குது. அவங்க எல்லார் வீட்டுதும் உள்ளதான் இருக்குது. என் வீட்டுது கொஞ்சம்தான். நாங்க இந்த வருசம் பாதி நிலத்துல மல்லி போட்டிருந்தோம்.

ஒருத்தன் கடப்பாரை எடுத்துட்டு வந்தான். கதவுக்கு முன்னாடி நான் இருக்கேன், எப்படிப் போடுவான். "நகருக்கா, நகருக்கா"ன்னான். கடப்பாரையும் கையுமா நனைஞ்சுக்கிட்டே நின்னான்.

அண்ணி, இப்ப ஒண்ணு சொல்றேன். அப்ப இது எனக்குத் தோணவே இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தோணுச்சு. அந்தக் குளிரு காய்க்குத்தான் பத்தும். தக்காளி வதங்காம இருக்கிற குளிரு. ஆளைப் போட்டு வைக்கிற குளிரு இல்ல அது. ரெண்டு நாள்ல உங்க அப்பாவை நீங்க பாக்கிற மாதிரி இருந்திருக்க மாட்டாரு. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எல்லாரும் கேட்டுட்டுப் போயிருப்பாங்க. எனக்குச் சொல்ல வேண்டியது எப்பவும் அப்புறம்தான் தோணும்.

இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்னு நினைக்கறீங்க. தெரியும்.

கடைசியா உங்க தம்பி வந்தாரு. கூட்டத்துல யாரோ, "ஏண்டா மாதேசு, பொண்டாட்டிகிட்ட ஒரு சாவி வாங்கத் துப்பில்லையா"ன்னு கேட்டுட்டாங்க. அவரு முகம் எப்படி ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. குனிஞ்சு, "குடுடி"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "என் மானத்த வாங்காதே. எனக்குப் பெரியப்பா அவரு. தூக்கி வளர்த்தவரு"ன்னாரு. நான் அவரு காலைப் பாத்துட்டே இருந்தேன். சேறு. அவரு என் கழுத்துல கை வச்சுட்டாரு. ஊக்கைத் தேடினாரு. ஊக்கு வரல. கயித்தோட சேத்துப் பிடிச்சு இழுத்தாரு.

பாப்பா என்னைப் பாக்குது, அவங்க அப்பாவைப் பாக்குது. கயிறு என் கழுத்துல அறுக்குது. அறுந்துடும்னு நினைச்சேன். அறுந்தா அறுந்துட்டுப் போகுது, அப்ப முடியாதுன்னு நான் சொன்னதா ஆகாது இல்லன்னு நினைச்சேன். இப்படியெல்லாம் நினைக்கிறவளை என்ன சொல்றது.

அப்பத்தான் அத்தை வந்தாங்க. உரச்சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு. அவங்களை வெளிய வரக்கூடாதுன்னு பிடிச்சு வச்சிருந்தாங்க, எப்படி வந்தாங்கன்னு தெரியல. கட்டிலைச் சுத்திக்கிட்டு நேரா இங்க வந்தாங்க. உங்க தம்பியோட மணிக்கட்டைப் பிடிச்சாங்க.

"கைய எடுடா மாதேசு. இன்னிக்கு இந்த ஊர்ல ஒரு தாலி கழட்டினா போதும்"னாங்க.

அவரு கைய எடுத்துட்டாரு. அங்கேயே உக்காந்து அழுதுட்டாரு. அத்தை அழல. கட்டிலைப் பாத்து, "தூக்குங்கடா. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணுங்க. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்"னாங்க. பாப்பான்னு சொன்னது உங்களைத்தான். என் பாப்பாவைன்னு நினைச்சு ஒரு நிமிசம் நான் பயந்துட்டேன்.

தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் போகல. பொம்பளைங்க போகக் கூடாதுன்னு இல்ல, கால் எந்திரிக்கல.

அத்தை அன்னிக்கு என்னைப் பாக்கல அண்ணி. பாக்காமத்தான் அவரு கையப் பிடிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசல. தினம் சாயங்காலம் அந்தத் திருப்பத்துல வந்து நிக்கறாங்க. நான் கதவைப் பூட்டற வரைக்கும் நின்னு பாத்துட்டு, அப்புறம் வீட்டுக்குப் போறாங்க. எவ்வளவு ஆங்காரம் இருந்தா ஒரு மனுசி அப்படி நிப்பாங்க.

ஊர்லயும் அப்படித்தான். முன்ன மாதிரி யாரும் என்கிட்ட பேசறதில்ல. பெட்டிய உள்ளயே கொண்டாந்து வச்சுட்டு, சிரிச்சுப் பேசிட்டுப் போவாங்க முன்னாடி. இப்ப செருப்பை வெளியவே கழட்டிட்டு, வரிசையா நின்னு, நான் சொல்ற வரைக்கும் வாசல்லயே நிக்கறாங்க. நஞ்சப்பன் அண்ணன்கூட. போன வாரம் காலைத் துடைச்சுட்டு, "வைக்கலாமாம்மா"ன்னு கேக்கறாரு. அவ்வளவு குத்தல் பேச்சு. நான் தலையத்தான் ஆட்டினேன்.

தண்ணி வடிஞ்சதும் வண்டி வந்துச்சு. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாருக்கும் அழுகிப் போச்சு, நம்ம ஊர்த் தக்காளி மட்டும் போச்சு மார்க்கெட்டுக்கு. நல்ல விலை. யாரும் என்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லல. நானும் எதிர்பாக்கல.

உங்களுக்கு இன்னொண்ணு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நேத்து பதினாறாம் நாள் காரியத்துல ரசம் சாப்பிட்டீங்களே, அந்தத் தக்காளி இங்க இருந்துதான் போச்சு. உங்க தம்பிதான் வந்து வாங்கிட்டுப் போனாரு, என் மூஞ்சியப் பாக்காம. ஊரே உக்காந்து சாப்பிட்டுச்சு. நஞ்சப்பன் அண்ணன் கையில ஊத்தச் சொல்லிக் குடிச்சாரு. அன்னிக்கு நான் எந்திரிச்சிருந்தா இந்த ரூமுக்கு என்ன பேரு வந்திருக்கும் சொல்லுங்க. ஆட்டுக்கே திருப்பி அனுப்பினான். மாமா பேரைச் சொல்லியே, அந்த ரூமுத் தக்காளியான்னு ஜனம் மூக்கைப் பொத்திக்கும். அவரு இடம் குடுத்தது அதுக்கா?

எந்திரிக்காதீங்க அண்ணி. வண்டி இன்னும் வரல. அது பஸ்ஸுச் சத்தம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குது, அதையும் சொல்லிடறேன். நாளைக்கு ஆபீசருங்க வந்தா கேப்பாங்க. திங்கற பொருளைத் தவிர எதுவும் உள்ள இருக்கக் கூடாது, அதுதான் சட்டம், அதுதான் மாமா சொன்னதும். ஆனா உள்ள ஒரு பொருள் இருக்குது. ஸ்வெட்டரு. நீங்க மஸ்கட்டுல இருந்து அனுப்பினது, ஊதா கலரு. இந்த வெயில் ஊருக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கு பாரு என் பொண்ணுன்னு ஊரெல்லாம் காட்டிச் சிரிச்சாரு. அப்புறம் அதை உள்ள கொண்டு போய் ஆணியில மாட்டிட்டாரு. தினம் மத்தியானம் வருவாரு, அதைப் போட்டுக்கிட்டுப் பெட்டிய ஒவ்வொண்ணா பாப்பாரு. வெளிய வர்றப்ப கழட்டி மாட்டிட்டு வருவாரு. எல்லாரும் போன பிறகு அதை எடுத்துடணும்னு போனேன். நாலஞ்சு தடவை போயிட்டேன். எடுக்க முடியல.

முகத்தைத்தான் நீங்க பாக்கல. அதையாவது பாக்கலாம்.

நீங்க பூட்டைத் திறந்தாத்தான் பாக்க முடியும்.

...

பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க அண்ணி. முழிச்சுட்டா, அழமாட்டா, புது ஆளுகிட்ட போவா. உங்களுது திறந்துடுச்சு இல்ல, இப்ப என்னுது. கயிறு நீளம் பத்தாது, தினமும் இப்படித்தான், பூட்டுக்கு முன்னாடி குனிஞ்சு கழுத்தைக் குடுத்தாத்தான் சாவி எட்டும். பாக்கறவங்க கும்பிடறேன்னு நினைப்பாங்க. ஆ, வந்துடுச்சு.

செருப்பைக் கழட்டிடுங்க. பாப்பாவைக் குடுங்க, உள்ள குளிரு. வலது கைப்பக்கம், அந்தக் கடைசி அடுக்குக்குப் பின்னாடி ஆணி இருக்கும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது, குளிரு போயிடும், அதனால சாத்திடுவேன். பயப்படாதீங்க. தட்டினா திறக்கறேன். எவ்வளவு நேரம் வேணா இருங்க. உள்ள எவ்வளவு சத்தமா அழுதாலும் வெளிய கேக்காது. எனக்குத் தெரியும்.

அது வண்டிதான். ஆரன் அடிப்பாரு, அடிக்கட்டும். நீங்க போங்க அண்ணி. நிக்கச் சொல்லிக்கறேன் நானு.